நோயாளர் ஆதரவுக் குழுவாகக் கிறிஸ்துமஸ் பாடல் பாடப் போவது பற்றி

கேள்வி சுருக்கமாக இது: நீண்டகால நோயோடு வாழ்பவர்களும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களும் சேர்ந்த ஒரு சிறிய ஆதரவுக் குழு. நுரையீரல் நோய், பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதம், பக்கவாதம், புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு என்று பலவகைப்பட்டவர்கள் இருக்கிறார்கள். இந்த டிசம்பரில் உறுப்பினர்களின் வீடுகளுக்குப் போய்க் கிறிஸ்துமஸ் பாடல்கள் பாடவும், பிறகு ஒரு சிறு விருந்து வைக்கவும் யோசனை. உடம்புக்கு ஆபத்து என்று சிலர் தயங்குகிறார்கள். இந்த ஆண்டு ஒருவரை இழந்துவிட்டோமே, கொண்டாட்டம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

தாராளமாகச் செய்யுங்கள். இரு தரப்பின் தயக்கமும் நியாயமானது, இரண்டுக்கும் வழி உண்டு. பேச்சுப் பயிற்சியாளராக வேலை பார்த்துக்கொண்டே இப்படியொரு குழுவின் பாட்டுக்கும் நெடுநாளாகப் பொறுப்பேற்று வருவதால் விரிவாகவே எழுதுகிறேன்.

தேதி, பாட்டு, விருந்து எல்லாவற்றுக்கும் முன்பு முடிவு செய்ய வேண்டியது, பாடப்போவது யார் என்பது. பெரும்பாலான இடங்களில் நடப்பது என்னவென்றால், நல்ல குரல் வளமுள்ள இளைஞர் குழு ஒன்று வெளியிலிருந்து வரும். நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்து கேட்பார்கள். ஆளுக்கொரு பரிசுப் பொட்டலம், கடைசியில் ஒரு குழுப் படம். வந்தவர்களின் மனசு நல்லதுதான். ஆனால் நீண்ட நோயில் ஆளை மிகவும் தேய்ப்பது, எப்போதும் வாங்கிக்கொள்கிற கையாகவே இருந்துவிடுவது. மருந்து, கவனிப்பு, அனுதாபம், அறிவுரை என எல்லாமே வந்து சேர்கின்றன. தன்னிடமிருந்து எதுவும் போவதில்லை. பாட்டு அதை மாற்றும். அதனால் உங்கள் உறுப்பினர்களே பாடட்டும். குறைந்த மூச்சு உள்ளவர் யாரோ அவருடைய மூச்சுக்குப் பாட்டு அமையட்டும். நடக்கச் சிரமப்படுபவர் யாரோ அவருடைய காலுக்கு வழி அமையட்டும். குரல் சேராது, ராகம் பிசகும் என்று கவலைப்பட வேண்டாம். கேட்கிறவர்களும் நோயின் வீட்டில் இருப்பவர்கள்தான்; அவர்களுக்குத் தெரியும்.

நோயாளிகள் ஒன்றுகூடி ஒருவரையொருவர் தாங்குவது நேற்று வந்த யோசனை அல்ல. 1905இல் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், தனியாகச் சிகிச்சை இல்லத்துக்குப் போக வசதியில்லாத காசநோயாளிகளை ஒரே அறையில் கூட்டி வகுப்பு நடத்தினார். ஓய்வு, காற்றோட்டம் பற்றிச் சொல்லித்தரவே அந்த வகுப்பு தொடங்கியது. நோயாளிகள் ஒருவருக்கொருவர் தந்த ஊக்கமே பெரிய மருந்தாக இருப்பதை அவர் கண்டார். அதற்கு முந்தைய ஆண்டு, 1904இல், டென்மார்க்கின் அஞ்சல் ஊழியர் ஐனார் ஹோல்பல் வாழ்த்து அட்டைகளில் ஒட்டக் கிறிஸ்துமஸ் முத்திரை ஒன்றை விற்கச் செய்து, வந்த பணத்தைக் காசநோய் கண்ட குழந்தைகளுக்கு ஒதுக்க வைத்தார். ஆகவே இந்தப் பண்டிகை நோயாளியின் படுக்கையோரம் வருவது இயல்பானதுதான்.

இனி பாட்டுக்கு வருகிறேன், இதில்தான் அதிகம் சொல்ல இருக்கிறது.

நோயாளிகளுக்கு மெதுவான பாட்டுதான் எளிது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு அது நேர்மாறு. மெதுவான பாட்டில் ஒவ்வொரு சொல்லும் இழுபடும்; இழுக்க இழுக்க மூச்சு செலவாகும். நடுத்தர வேகத்தில், அடிகள் குறுகிய பாட்டாகப் பாருங்கள். ஏற்கனவே தெரிந்த பாட்டாக இருந்தால் சுருதியை ஒரு கட்டை அல்லது ஒன்றரைக் கட்டை இறக்கிவிடுங்கள். இரண்டு சரணங்களுக்கு மேல் வேண்டாம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பாடலாம், நிற்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. பாட்டுத்தாளில் எழுத்து பெரிதாக இருக்கட்டும். மூச்சு வாங்க வேண்டிய இடங்களைக் கோடு போட்டுக் குறித்துவிடுங்கள். பாடகர் குழுக்களில் பழைய வழக்கம் ஒன்று உண்டு: எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்காமல், முறைவைத்து வேறு வேறு இடங்களில் வாங்குவார்கள், கேட்பவருக்குப் பாட்டு அறுபடாது. உங்கள் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தி இல்லை. ஒருவர் இரண்டு சொற்களை விட்டுவிட்டு மூச்சு வாங்கினால் பக்கத்தில் இருப்பவர் அந்த இரண்டு சொற்களைச் சுமந்துகொள்வார். எங்கள் குழுவில் ஆக்சிஜன் தரும் மூக்குக் குழாயோடு பாடும் ஓர் அம்மா, தாளில் தன் கோடு வரும் இடத்துக்கு முன்பே விரலை வைத்துக் காத்திருப்பார்; விரல் நகர்ந்ததும் பக்கத்தில் இருப்பவர் குரலைக் கொஞ்சம் உயர்த்துவார். இருவரும் இதைப் பேசி வைத்துக்கொண்டதில்லை.

பார்க்கின்சன் உள்ளவர்களுக்குச் சிக்கல் வேறு. அவர்களின் குரல் மெலிந்துகொண்டே போகும். ஆனால் தாங்கள் வழக்கமான சத்தத்தில்தான் பேசுகிறோம் என்றே அவர்களுக்குத் தோன்றும். 1987இல் லொரெய்ன் ரேமிக் என்ற பேச்சு நிபுணரும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய பயிற்சிமுறை, பார்க்கின்சன் நோயோடு வாழ்ந்த லீ சில்வர்மன் என்ற பெண்மணியின் பெயரைத் தாங்கியிருக்கிறது. வாரத்துக்கு 4 நாள், 4 வாரம் நடக்கும் அந்தப் பயிற்சியின் மையம் ஒன்றே ஒன்று: சத்தமாக. கூட்டாகப் பாடும்போது இது தானாகவே ஓரளவு நடக்கிறது. தாளம் வெளியிலிருந்து வருகிறது, எப்போது தொடங்குவது என்பதை மூளை தேட வேண்டியதில்லை. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் குனிந்து காது கொடுத்தால்தான் கேட்கும் என்ற நிலையில் இருந்த ஒரு பெரியவர், ஒத்திகையில் இரண்டாம் சரணம் வந்தபோது அடிவயிற்றிலிருந்து பாடினார். அவர் மனைவி தான் பாடுவதை நிறுத்திவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார். பாட்டு முடிந்ததும் அவர் குரல் மறுபடி உள்ளே போய்விட்டது, உண்மைதான். ஆனால் அந்தச் சரணம் அவருடையது.

இவர்களுக்கு மருந்து நேரம் முக்கியம். பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மருந்து வேலை செய்கிற நேரத்தில் நடப்பவர், அது இறங்கும் நேரத்தில் நாற்காலியை விட்டு எழ முடியாமல் போவார். ஒவ்வொருவருக்கும் நல்ல நேரம் எது என்று கேட்டு எழுதிவைத்து, நிகழ்ச்சியை அதற்குள் அடக்குங்கள். மருந்து நேரம் வந்தால் பாட்டு காத்திருக்கட்டும்.

பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘தண்ணீர் வேண்டும்’ என்று சொல்ல முடியாத ஒருவர், சிறுவயதில் கற்ற பாட்டின் சரணத்தைச் சொல் பிசகாமல் பாடிவிடுவதைக் காணலாம். பெரும்பாலோருக்குப் பேச்சு மூளையின் இடப்பக்கத்தை நம்பியிருக்கிறது. பாட்டுக்கு வலப்பக்கமும் கை கொடுக்கிறது. இதை அடிப்படையாக வைத்து 1973இல் ஒரு சிகிச்சைமுறையே அறிமுகமானது. ஆனால் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: பாட்டு வந்ததால் பேச்சு திரும்பிவிட்டது என்று பொருளல்ல. இல்லாவிட்டால் அன்று இரவு முழுவதும் அவரைப் பேசச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருப்பார்கள். மறதி நோய் உள்ளவர்களுக்கு எப்போதும் பழைய பாட்டையே எடுங்கள், புதிய மெட்டு வேண்டாம். தொண்டைப் புற்றுநோயால் குரல்வளை அகற்றப்பட்டவர் இருந்தால், அவரைப் பாட்டுத்தாள் கொடுக்கும் வேலையோடு நிறுத்திவிடாதீர்கள். தாளம், மணி, பாட்டைத் தொடங்கிவைக்கும் கையசைவு எல்லாம் அவரால் முடியும். குரல்வளை போன பிறகும் பேச உதவும் குரல் வால்வு பொருத்தியவர்கள் பாடவும் செய்கிறார்கள். லண்டனில் அப்படிப்பட்டவர்களே சேர்ந்து மேடையேறும் பாடகர் குழு ஒன்று இருக்கிறது.

இதில் மனசுக்கு மட்டுமா பலன் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். வேல்ஸில் டெனோவஸ் புற்றுநோய் அமைப்பு நடத்தும் 5 பாடகர் குழுக்களைச் சேர்ந்த 193 பேரிடம் நடத்திய ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஒரு மணி நேரம் பாடிய பிறகு மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் குறைந்திருந்தது, மனநிலையும் தேறியிருந்தது. நோயைப் பாட்டு குணமாக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.

ஆபத்து என்று சொல்பவர்கள் சொல்வது வீணல்ல. முதல் ஆபத்து மெழுகுவர்த்தி. கிறிஸ்துமஸ் பாட்டு என்றதும் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி பிடித்து நிற்பது கண்ணுக்கு அழகு. ஆனால் ஆக்சிஜன் வைத்திருக்கும் ஒருவர் இருந்தால்கூட அந்த இடத்தில் திறந்த சுடர் எதுவும் கூடாது. ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் எரிவதை மூர்க்கமாக எரிய வைக்கும். மூக்குக் குழாயிலிருந்து கசியும் ஆக்சிஜன் சால்வையிலும் தலைமுடியிலும் தங்கிவிடும். சுடரிலிருந்து குறைந்தது 3 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. வீட்டுக் கூடத்தில் எல்லோரும் நெருக்கியடித்து நிற்கும்போது அந்த 3 மீட்டர் எங்கிருந்து வரும்? பேட்டரி விளக்கு வாங்கிவிடுங்கள், அதுவும் விட்டு விட்டு மினுக்காத விளக்காக. வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய 100க்கு 3 பேருக்கு ஒளி மினுக்கம் வலிப்பைத் தூண்டும். மூக்கும் உதடும் காயாமலிருக்க எண்ணெய்ப்பசையுள்ள களிம்பு தடவும் பழக்கம் இருந்தால், ஆக்சிஜன் வைப்பவர்கள் அதைத் தவிர்த்துத் தண்ணீர் அடிப்படையிலான களிம்பைப் பயன்படுத்த வேண்டும்.

சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும் என்பதைக் கிளம்பும் முன்பே கணக்குப் போடுங்கள். 400 லிட்டர் இருப்பு, நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 200 நிமிடம். அதில் பாதி தீர்ந்ததும் வீடு திரும்பிவிட வேண்டும். வழியில் வண்டி நின்றால் என்ன செய்வது என்பதற்காகத்தான் மீதிப் பாதி. குளிர் காலமாக இருந்தால் குளிர்ந்த காற்றே மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். வெளியே நின்று பாடுவதைத் தவிருங்கள், வண்டியிலிருந்து வாசல் வரை மூக்கையும் வாயையும் கழுத்துத்துணியால் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். இன்ஹேலர் பையில் கிடக்கக் கூடாது, எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது ஆபத்து தொற்று. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் பள்ளத்தாக்குப் பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். உறுதியானதும் சந்தேகத்துக்குரியதுமாக 53 பேருக்குக் கோவிட் வந்தது, 2 பேர் இறந்தார்கள். பாடும்போது பேசுவதைவிட அதிகத் துகள்கள் காற்றில் கலக்கும். ஆகவே ஒத்திகையைச் சுருக்குங்கள், சன்னல்களைத் திறந்து வையுங்கள், நெருக்கமாக உட்காராதீர்கள். தும்மல், தொண்டைக் கரகரப்பு, காய்ச்சல் இருந்தால் வர வேண்டாம் என்பதை விதியாக வையுங்கள், அது குழுவை நடத்துகிறவருக்கும் பொருந்தும். ஃப்ளூ தடுப்பூசி பலன் தர ஏறத்தாழ 2 வாரம் ஆகும் என்பதால் நவம்பரிலேயே நினைவூட்டுங்கள். கீமோதெரபி எடுப்பவர்களுக்கு, பல மருந்துகளில், ஊசி போட்ட 7 முதல் 14 நாட்களுக்குள், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறையும். அந்த நாட்களில் அவர் கூட்டத்துக்கு வருவதைவிட, சன்னலுக்கு வெளியே நின்று நீங்கள் பாடுவது நல்லது. அவர் உள்ளிருந்து சேர்ந்து பாடட்டும்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சளி கெட்டியாகி நுரையீரலை அடைக்கும் பிறவி நோய்) உள்ளவர்கள் இருவர் உங்களிடம் இருந்தால் இன்னும் கடுமையான விதி உண்டு. ஒருவர் நுரையீரலில் வாழும் கிருமி மற்றவருக்குப் பெரும் கேடு செய்யும் என்பதால் அவர்கள் ஒருவரையொருவர் நெருங்காமல் 2 மீட்டராவது விலகியிருக்க வேண்டும். மூடிய அறையில் ஒரே நிகழ்ச்சிக்கு இருவரும் வரவே கூடாது. ஒருவர் நேரில், மற்றவர் வீடியோவில் என்று மாற்றி மாற்றி வைக்கலாம். வீடியோவில் எல்லோரும் ஒரே நேரத்தில் பாடினால் குரல் முன்பின்னாக வந்து குழப்பும். ஒருவர் மட்டும் ஒலிக்க, மற்றவர்கள் ஒலியை நிறுத்திவிட்டுச் சேர்ந்து பாடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

பலரும் யோசிக்க மறக்கும் விஷயம், வீட்டுக்குப் போவதே ஒருவரின் நோயை ஊருக்குச் சொல்லிவிடலாம் என்பது. இன்ன நோயாளர் ஆதரவுக் குழு என்று பதாகையோடும் ஒரே நிறச் சட்டையோடும் ஒரு தெருவில் நுழைந்தால், எந்த வாசலில் நிற்கிறீர்களோ அந்த வீட்டின் இரகசியம் போயிற்று. எச்.ஐ.வி., மனநோய், புற்றுநோய் இவற்றை அண்டை வீட்டாரிடம் மறைத்து வைத்திருப்பவர்கள் நிறைய. வேலை இடத்தில் தெரிந்தால் வேலையே போகும் என்று பயப்படுபவர்களும் உண்டு. ஆகவே பதாகை வேண்டாம். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, மறுக்க இடம் கொடுத்துக் கேளுங்கள். ‘எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், நீங்கள்?’ என்று கேட்பது கேட்பதாகாது. படம் எடுப்பதென்றால் வெளியிடுவதற்கு வேறாக அனுமதி வாங்குங்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவர் வீட்டில் கூட்டமாக நுழையாதீர்கள். இறப்பை நெருங்குபவர்களுக்குப் பாடுவதற்கென்றே 2000இல் கலிஃபோர்னியாவில் கேட் மங்கர் ‘த்ரெஷோல்ட் கொயர்’ என்ற குழுவைத் தொடங்கினார். அவர்கள் இரண்டு முதல் நான்கு பேராகத்தான் உள்ளே போகிறார்கள், தாலாட்டும் குரலில் பாடுகிறார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம். ஒரு பாட்டு போதும். மற்றவர்கள் வெளியே இருக்கட்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டால் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் நிறுத்திவிடுங்கள்.

அங்கே போய் எவரும் பிரசங்கம் செய்யாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. ‘விசுவாசித்தால் சுகமாகும்’ என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போவார். சுகமாகாதவர் தன் விசுவாசத்தில்தான் குறை என்று இரவெல்லாம் விழித்துக்கிடப்பார். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. வேறு மதத்தவரும் மதமில்லாதவரும் உங்கள் குழுவில் இருப்பார்கள். எந்தப் பாட்டு வரும் என்பதை முன்பே சொல்லி, வர விரும்பாதவரை விருந்துக்கு மட்டும் அழையுங்கள்.

விருந்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டயாலிசிஸ் செய்பவர்கள் குடிக்கும் அளவு எண்ணப்பட்டது, ‘இன்னும் கொஞ்சம்’ என்று வற்புறுத்தாதீர்கள். வாரத்தில் மூன்று நாள் போகிறவர்கள் பலர் என்பதால் அந்த நாட்களை விட்டுத் தேதி வையுங்கள். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு உதிர்ந்து தூளாகும் பண்டமும் கொட்டைகளும் ஆகாது. எதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று ஒவ்வொரு பாத்திரத்தின் முன்பும் எழுதி வைத்தால், ஒவ்வொருவரும் தன் நோயைச் சொல்லி விசாரிக்க வேண்டியிருக்காது. லேட்டக்ஸ் என்னும் ரப்பரில் செய்த பலூன் ஒவ்வாதவர்கள் உண்டு. அலங்காரத்துக்குக் காகிதம் போதும்.

கவனித்துக்கொள்பவர்களை மறக்காதீர்கள். கணவரின் வாயைத் துடைத்துக்கொண்டும் சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டும் நிற்கிற மனைவியால் பாட முடியாது. ஒவ்வொரு நோயாளிக்கும் அன்று மட்டும் வேறொருவரைப் பொறுப்பாக்கிவிட்டு, இவர்களைக் கையில் பாட்டுத்தாளோடு வேறு வரிசையில் உட்கார வையுங்கள்.

கடைசியாக, உங்களை விட்டுப் பிரிந்தவர். அவருக்காகக் கொண்டாட்டத்தை நிறுத்தினால், அடுத்து யார் என்று உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கு அது என்ன சொல்லும் என்று யோசியுங்கள். தான் போனால் இந்தக் கூடம் இருண்டுவிடும் என்று எந்த நோயாளியும் விரும்புவதில்லை. ஆனால் அவர் பெயரே வராமல் சிரித்து முடிப்பதும் கூடாது. அவருடைய வீட்டாரிடம் கேட்டு, அவர் விரும்பிய பாட்டை அவர் பெயரைச் சொல்லிப் பாடுங்கள். அதை நிகழ்ச்சியின் முதல் பகுதியிலேயே வையுங்கள். கடைசியில் வைத்தால் அழுதுகொண்டே தனியாக வீடு திரும்புவார்கள், முதலில் வைத்தால் அழுதவர்களுக்குப் பக்கத்தில் ஆள் இருக்கும். எழுந்து போக நினைப்பவர்களுக்காக அடுத்த அறையில் நாற்காலிகளும் கூட இருக்க ஒருவரும் வேண்டும். சில திருச்சபைகள் துக்கத்தில் இருப்பவர்களுக்கென்றே டிசம்பர் 21ஐ ஒட்டித் தனி வழிபாடு வைக்கின்றன; உங்களில் சிலருக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம்.

தேதியைக் கேட்டிருந்தீர்களானால் டிசம்பர் 25க்குப் பிறகு என்பேன். முந்தைய வாரம் எல்லோரும் வந்து போவார்கள். 27, 28ஆம் தேதிகளில் வீடு வெறிச்சென்று ஆகும், அப்போதுதான் தனிமை கனக்கும். கிறிஸ்துமஸ் காலம் மரபுப்படி ஜனவரி 6இன் திருக்காட்சித் திருநாள் வரை நீள்வதால் பாட்டு பழசாகிவிடாது. ஒரு மாலைக்கு இரண்டு மூன்று வீடுகள் போதும். முந்தைய நாளும் மறுநாளும் ஓய்வுக்கென்று விட்டுவிடச் சொல்லுங்கள். நாட்பட்ட களைப்பு நோய் உள்ளவர்களுக்கு அலுப்பு அன்று தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்து அடித்துப்போடும். அதனால் மூன்றாம் நாள்வரை ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து விசாரிக்க ஒருவரை நியமியுங்கள். கீமோதெரபியில் இருப்பவருக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்திருந்தால் விடியும்வரை பார்க்கலாம் என்று விடாமல் அந்த நேரமே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அழைப்பவர் கையில் ஒவ்வொருவருடைய மருத்துவமனை எண்ணும் இருக்கட்டும்.